அண்ணன் நடுவில் உட்கார்ந்த படகு

"நீங்க வந்தாதான் இது நடக்கும்" என்று ஒருவர் சொன்னதும் எழுந்து ஓடிவிடக் கூடாது. எது நடக்கும், அதற்கு நான் எதற்கு என்று நிதானமாக விசாரித்துக்கொண்டுதான் எழ வேண்டும். இந்த ஞானம் எனக்கு வந்தபோது, கேளம்பாக்கத்தைத் தாண்டி உப்பங்கழியில், இடுப்பளவுத் தண்ணீரில், வாய் நிறையச் சேற்றோடு நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது.

எழுபதுகளின் ஆரம்பம் அது. எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகிற வழியில். அப்பா பள்ளித் தலைமையாசிரியர். அதோடு எங்கள் சபையின் பொருளாளர். (வீட்டிலும் இரண்டு பதவிகளையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.) அண்ணன் செல்வின் வங்கியில் குமாஸ்தா. காற்றடித்தால் அவன் சட்டை மட்டும்தான் தெரியும், ஆள் எங்கே என்று தேட வேண்டும். அண்ணனுக்குப் போய்ச் சேர வேண்டிய சதையெல்லாம் வழி தவறி என்னிடம் வந்திருந்தது. நான், சீலி, எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மின்சார ரயிலில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான் ஓர் ஓரமாக உட்கார்ந்தால், மூன்றாவதாக வருகிறவர் ஒரு முறை பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, நான் நின்னுக்கறேன்" என்பார்.

மனோகர் அண்ணனோடு கல்லூரியில் படித்தவர். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. பார்க்க அப்படி ஒன்றும் பெரிய அழகனில்லை. (பொய். அழகன்தான். இந்த வயதில் யாருக்குப் பயந்து மறைக்கப்போகிறேன்.) அவர் எங்கள் வீட்டுக் கேட்டைத் திறக்கும் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். மற்றவர்கள் திறந்தால் இரும்புச் சத்தம்தான் கேட்கும்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. அண்ணனின் நண்பன் தங்கைக்கும் அண்ணன். "மனோ அண்ணா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும், கதை முடிந்துவிடும். அப்புறம் என் கல்யாணத்தில் அவர் பந்தி பரிமாற வேண்டியதுதான். அதனால் ஒரு வருடம் முழுக்க அவரை எதுவுமே கூப்பிடாமல் ஓட்டினேன். "இந்தாங்க காபி", "அண்ணன் இப்ப வந்துடுவான்", "மழை வருது பாருங்க". கூப்பிடாமலே ஒரு மனிதரோடு பேசுவது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில்தான் அந்தப் படகை மனோகர் பார்த்தார். ஒல்லியான இரண்டு பிளைவுட் படகுகளை அருகருகே வைத்து, குறுக்கே இரண்டு கட்டைகளால் இணைத்து, நடுவே கித்தான் துணியை இழுத்துக் கட்டிய பந்தயப் படகு. கேட்டமரான் என்று பெயர். நம் கட்டுமரத்தின் பெயரை வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போய், இப்படி ஒரு வேஷம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தான். அண்ணனும் அவரும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கீற்றுக் கொட்டகை போட்டு அதைக் கட்ட ஆரம்பித்தார்கள். அம்மா துணி காயப்போட வந்தவள் அதைச் சுற்றிப் பார்த்தாள்.

"ரெண்டு சவப்பெட்டிய ஒண்ணா சேத்துக் கட்டி வெச்சிருக்கீங்களே தம்பி. கர்த்தர்தான் காப்பாத்தணும்."

"பாக்கத்தான் அப்படி இருக்கும் ஆன்ட்டி. தண்ணியில விட்டா பறக்கும்" என்றார் மனோகர்.

முதல் வெள்ளோட்டம் செம்பாக்கம் ஏரியில். அன்று காற்று என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏரியில் குளித்துக்கொண்டிருந்த எருமைகள்கூட எங்கள் படகைவிட வேகமாகத்தான் போயின. அந்தக் காற்றுக்கே குறுக்குக் கட்டை கிறீச் கிறீச் என்று முனகியது. பாய்மரத்துப் பாயில் ஒரு தையல் பிரிந்து இரண்டாகத் தொங்கியது. கோடைக்குப் பிறகு, நகரத்திலிருந்த ஒரு படகுக் கிளப் கேளம்பாக்கம் பக்கத்து உப்பங்கழியில் பந்தயம் நடத்தும். அதில் இறங்குவதுதான் இவர்கள் கனவு. "ஆடி மாசக் காத்துக்கு இது ஒரு நிமிஷம் தாங்காது. எல்லாத்தையும் ஸ்ட்ராங் பண்ணணும்" என்றார் மனோகர். கட்டைகளை வலுப்படுத்துவது அண்ணன் பொறுப்பு. பாய் என் பொறுப்பு, ஏனென்றால் வீட்டில் தையல் மிஷின் என்னுடையது.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பாயில் பழுது இருக்கும்வரை அவர் வந்து பார்ப்பார். பழுது தீர்ந்தால் வர மாட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பாய்க்குத் தீராத வியாதி வந்தது. ஒரு மூலையைத் தைத்து முடித்தால் அடுத்த மூலை எனக்குச் சந்தேகமாகத் தெரியும். "இங்க கொஞ்சம் இழுக்குது, பாருங்க" என்பேன். அவர் குனிந்து பார்ப்பார். "நல்லாத்தானே இருக்கு" என்பார். "இல்ல, காத்தடிச்சா பிரிஞ்சிடும்" என்பேன், ஏதோ கடலிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி. ஒட்டுக்கு மேல் ஒட்டு, தையலுக்கு மேல் தையல். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு, மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவர் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார், நான் மிதிப்பேன். எங்களுக்கு நடுவில் எப்போதும் அத்தனை கெஜம் துணி இருந்தது. அவர் பேசியதெல்லாம் காற்றைப் பற்றித்தான். காற்று எந்தப் பக்கம் வந்தால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எப்போது கயிற்றைத் தளர்த்த வேண்டும், இதுதான். நான் அதையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

ஆனி கடைசியில் அவருக்கு விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. பந்தயம் முடிந்த வாரமே கிளம்ப வேண்டும். அம்மா கேசரி கிளறினாள். அண்ணன் குதித்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் சொல்ல வேண்டும், அல்லது நான் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள், எங்கள் வீட்டில் முழங்காலில் நின்று ஜெபிக்கிறவர்கள். சொன்னால் என்ன ஆகும் என்பது அப்புறம். சொல்லாமல் மட்டும் அவரை ரயிலேற்றிவிடக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

பந்தயத்துக்குச் சில நாள் முன்பு, நான் ஆபீஸ் போயிருந்தபோது மனோகர் வந்து போயிருக்கிறார். அன்று இரவு கட்டிலுக்கு அடியிலிருந்து பாயை எடுத்து விரித்தால், அடிப்பகுதியில் குறுக்கே வரிசையாக ஓட்டைகள். எலி. எங்கள் வீட்டு எலிகள் சாதாரணப்பட்டவை இல்லை, அம்மாவின் கிறிஸ்துமஸ் பட்டுப் புடவையையே பதம் பார்த்தவை. ஓட்டையைக் கண்டால் அடைக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு, நாலு சுற்றுத் தையல். எல்லா ஓட்டையும் ஒரே அளவு, ஒரே இடைவெளி, நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோடு. எலி ஸ்கேல் வைத்துக்கொண்டா கடிக்கும் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. (காதல் கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு மூளையைத்தான் மறைத்தது.)

பந்தய நாள் வந்தது. படகை ஏற்ற லாரி கொடுத்தவர் எங்கள் சபைக்காரர், மரக்கடை வைத்திருந்தவர். ஒரே நிபந்தனைதான் போட்டார்: போகிற லாரி போகிறது, பாடகர் குழுவையும் பிக்னிக்குக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கத்துக்கு, கீர்த்தனைகள் பாடிக்கொண்டு, புளிசாதப் பாத்திரங்களோடு, படகுக்கு அடியிலும் பக்கத்திலுமாக சபையில் பாதி வந்து இறங்கியது. அப்பாவும் குடையோடு இறங்கினார். அந்தக் காற்றில் குடையை விரித்தார். அது உடனே மேல்நோக்கி மடங்கிக்கொண்டது. அதை மடக்கவும் முடியாமல் விரிக்கவும் முடியாமல் நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தார்.

காற்று என்றால் அப்படி ஒரு காற்று. உப்பளத்துப் பக்கத்திலிருந்து மணலை வாரி முகத்தில் அடித்தது. மற்ற படகுக்காரர்கள் பாயின் அடிப்பகுதியைச் சுருட்டிக் கட்டிச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்கள். பலத்த காற்றில் அப்படித்தான் போக வேண்டுமாம். முழுப் பாயோடு போனால் படகு தலைகீழ்.

"காஜா எல்லாம் போட்டாச்சுல்ல?" என்று மனோகர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன காஜா?"

"சுருக்கிக் கட்டறதுக்கு ஓட்டை போட்டு வெச்சேனே. கயிறு கோக்கற ஓட்டை. ஓரம் பிரியாம உங்கள காஜா எடுக்கச் சொல்லி செல்வின்கிட்ட சொன்னேனே."

அண்ணன் வானத்தைப் பார்த்தான். அவன் எதையாவது மறந்திருந்தால் வானத்தைத்தான் பார்ப்பான்.

"அது எலி இல்லையா?" என்றேன்.

மனோகர் பாயை விரித்துப் பார்த்தார். அடிப்பகுதியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை என் கைவேலை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் பேனாக்கத்தியை எடுத்து ஒரு ஒட்டைக் குத்தினான். கத்தி மடங்கி அவன் விரலைத்தான் கிழித்தது. அத்தனை அடுக்குத் துணி, அத்தனை நூல். அதற்குள் படகுகளை வரிசைக்கு வரச் சொல்லி விசில் அடித்துவிட்டார்கள்.

"விட்டுடலாம்டா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான் அண்ணன்.

"அடுத்த வருஷம் நான் எங்க இருப்பேனோ" என்றார் மனோகர். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். பார்த்ததாகத்தான் நினைக்கிறேன். அப்புறம் இன்னொரு முறை, வேறு மாதிரி பார்த்தார். மரக்கடையில் கட்டையை எடை போடுகிறவர் பார்ப்பாரே, அப்படி. "முழுப் பாயோடதான் போகணும். காத்து வர்ற பக்கம் நல்ல வெயிட் இருந்தா படகு சாயாது. நானும் செல்வினும் மட்டும் பத்தாது" என்று நிறுத்தினார். "நீங்க வந்தாதான் இது நடக்கும்."

ஒரு வருடமாக நான் காத்திருந்த வாக்கியம். ராத்திரி ராத்திரியாக நான் எழுதி வைத்திருந்த வாக்கியம்கூட இதுதான், ஒரு சொல் மாறவில்லை. நான் எழுந்துவிட்டேன்.

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. நம்ம அம்மி பறக்காதுடா, அதுக்கு நான் கேரண்டி" என்றான் அண்ணன். பாடகர் குழு முழுவதும் சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. மடங்கிய குடையால் தண்ணீரைச் சுட்டிக்காட்டினார். "ஆழம் எவ்வளவு?"

"எங்கயும் இடுப்பளவுதான் அங்கிள். நிக்கலாம்."

அப்பா யோசித்தார். தண்ணீரைப் பற்றிய கவலை தீர்ந்ததும் அடுத்த கவலைக்குப் போனார். "சரி. ஆனா செல்வின் நடுவுல உக்காரட்டும்."

அப்படித்தான் உட்கார்ந்தோம். சுக்கானைப் பிடித்துக்கொண்டு பின்னால் மனோகர், நடுவில் அண்ணன், முன்னால் நான். புடவையை இழுத்துச் செருகி, இருக்கிற ஊக்கையெல்லாம் குத்திக்கொண்டேன். மூன்று பேரும் காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, ஒரு தோல் பட்டைக்குள் காலை மாட்டிக்கொண்டு, முதுகை வெளியே சாய்க்க வேண்டும். அந்தப் பட்டை அண்ணன் ஆணி அடித்து வலுப்படுத்தியது.

கொடி இறங்கியதும் படகு கிளம்பியது என்று எழுதினால் அது பொய். கரைதான் எங்களை விட்டுப் பின்னால் ஓடியது. நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் மெல்ல மெல்லத் தண்ணீரை விட்டு எழும்பியது. இரண்டு படகில் ஒன்று தண்ணீரில், ஒன்று காற்றில், நாங்கள் காற்றில் இருந்ததன் மேல். "சாயுங்க, இன்னும் சாயுங்க" என்று மனோகர் கத்தினார். நான் சாய்ந்தேன். என் உடம்பை நான் மறைக்காமல், ஒடுக்காமல், மன்னிப்புக் கேட்காமல் முழுசாக உபயோகித்தது அன்றைக்குத்தான். நான் சாய்ந்தால் படகு இறங்கியது, நிமிர்ந்தால் எழும்பியது. மற்ற படகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தோம். பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அண்ணனும் அப்படித்தான் போனான். ஒரு சத்தம் கேட்டது; பட்டையின் நடு ஆணி பிடுங்கிக்கொண்டது; திரும்பிப் பார்த்தால் அவன் இருந்த இடத்தில் அவன் இல்லை. பின்னால் தூரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, "டேய், நான் இங்க இருக்கேன்டா" என்று கையாட்டிக்கொண்டிருந்தான். அவன் போனதில் படகுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

நானும் அவரும் மட்டும். சுற்றிலும் தண்ணீர், தலைக்கு மேல் நான் தைத்த பாய், ஒரு தையல் பிரியாமல் விம்மிக்கொண்டு. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் கிளம்பப்போகிற ஊர் இல்லை, என் அப்பா இல்லை, எடையும் இல்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்று உள்ளே போய் அடைத்துக்கொண்டது.

அதற்குள் திருப்பம் வந்துவிட்டது. ஒரு மிதவையைச் சுற்றி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கரையைப் பார்க்க ஓட வேண்டும். அப்படி ஓடும்போது படகின் மூக்கு தண்ணீருக்குள் குத்தப் பார்க்கும். ஆட்கள் எல்லாரும் பின்னால் போய்விட வேண்டும். இதை மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"பின்னாடி வாங்க" என்றார்.

பின்னால் என்றால் அவர் பக்கத்தில். பக்கத்தில் என்றால் தோளோடு தோள் ஒட்டி. அங்கே இருந்த இடம் அவ்வளவுதான். நான் கரையைப் பார்த்தேன். கீர்த்தனையை நிறுத்திவிட்டு மொத்தப் பாடகர் குழுவும் எழுந்து நின்றிருந்தது. முன்னால் அப்பா, குடையோடு.

கொஞ்சம் நகர்ந்தேன். அண்ணன் இடம் வரைக்கும்கூடப் போகவில்லை. அவன் விழுந்துவிட்டான், கரையை நோக்கி நடந்துகொண்டிருக்கிறான், எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தை நான் காலியாகவே வைத்திருந்தேன்.

மூக்கு தண்ணீரைத் தொட்டது.

"பின்னாடி வா, சீலி" என்றார். ஒரு வருடத்தில் முதல் தடவையாக 'வா' என்றார். கையையும் நீட்டினார். அந்தக் கை இப்போதும் எனக்கு அப்படியே தெரிகிறது. பாய்க்கயிறு அழுத்திச் சிவந்த உள்ளங்கை.

நான் போகவில்லை.

இரண்டு மூக்கும் ஒன்றாகத் தண்ணீருக்குள் குத்தின. வேறு பாயாக இருந்தால் அந்த இழுப்பில் கிழிந்து, காற்று வெளியேறி, படகு பிழைத்திருக்கும். நான் தைத்த பாய் கிழியவில்லை. ஆகவே மற்றதெல்லாம் போயின. குறுக்குக் கட்டை பிளந்தது, பின்பக்கம் வானத்துக்கு எழும்பியது, பாய்மரம் சேற்றில் குத்தி முறிந்தது. நான் முன்னால் பறந்தேன். கரையிலிருந்து பார்த்தவர்கள், ரொம்ப நேரம் பறந்ததாகச் சொன்னார்கள். ஆடிக் காற்றில் அம்மி பறப்பதை எங்கள் சபை கண்ணாரக் கண்டது.

எழுந்து நின்றேன். சற்றுத் தள்ளி மனோகரும் எழுந்தார், தலையில் பாசியோடு. நடுவில் உடைந்த படகு மிதந்தது. எனக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"கூப்பிட்டேனே, ஏன் வரல?"

சொல்லியிருக்கலாம். தண்ணீரில் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காத தூரத்தில், அவரே கேட்டு, எனக்கு அதைவிட நல்ல சமயம் வாழ்க்கையில் வாய்த்ததில்லை. நான் வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு, "அப்பா பாக்கறாரு" என்றேன்.

அவர் கரையைப் பார்த்தார். அப்பா செருப்போடு தண்ணீரில் இறங்கி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். மனோகர் மெதுவாகத் தலையசைத்தார். "ஆமா" என்றார். அவ்வளவுதான். அவர் படகைப் பற்றித்தான் கேட்டார், நான் படகைப் பற்றித்தான் பதில் சொன்னேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே கிளம்பிவிட்டார். சொல்லிக்கொள்ள வந்தபோது அப்பாவிடம்தான் அதிக நேரம் பேசினார். என்னிடம், "தையல் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். "வரேம்மா" என்று அந்த 'அம்மா'வையும் சேர்த்துவிட்டுப் போனார். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். பந்தயத்தில் தோற்றதற்கு அழுகிறேன் என்று அண்ணன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. தங்கராஜ், தபால் துறை. நல்ல மனுஷன், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கல்யாணமான வாரமே அண்ணன் அவரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து குடும்பத்தில் இது அவருடைய சொத்து. நாற்பது வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் சொல்கிறார். அவர் கதையில் என் எடை வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. என் கனம் தாங்காமல் படகு மூழ்கியது என்பதுதான் அவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. நான் திருத்துவதில்லை. கனத்தால் படகு கவிழவில்லை. கனம் இருக்க வேண்டிய இடத்துக்கு வராததால் கவிழ்ந்தது என்று சொன்னால், ஏன் வரவில்லை என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

இப்போதும் மகன் காரை வெளியே எடுத்தால், நான் முன்கதவில் கை வைப்பதற்குள் என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். "அம்மி, முன்னால உக்காந்தா வண்டி மூக்கு குத்திடும். பின்னாடி போ." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். இவ்வளவு சுலபமான காரியம் அது.